வேகத்திற்கு ஓர் இடம்

இளமைக்கும் வேகத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. கன்றுக்குத் துள்ளக் கற்றுக்கொடுப்பார் யாரும் இலர். சைக்கிளில் ஏறிய சிறுவன் முன்னே செல்லும் சைக்கிளை முந்த விரும்புவதும் அத்தகையதே. இவ்வியல்பைக் குற்றம் என்று கடிந்து ஒதுக்கலாம். அல்லது அதற்கு ஓர் இடமும் ஒழுங்கும் அமைத்துக் கொடுக்கலாம். இரண்டாவது வழியை அமெரிக்க நாட்டினர் சிலர் கையாண்ட வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன். அவர்கள் வளர்த்த விளையாட்டுக்கு டிராக் பந்தயம் என்று பெயர்.

இப்பந்தயத்தின் அமைப்பு மிக எளியது. நேரான ஒரு பாதை. அதன் தொடக்கத்தில் அருகருகே இரண்டு வண்டிகள். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் நின்ற நிலையிலிருந்து பாய்ந்து புறப்படும். கால் மைலை, அதாவது 1,320 அடியை, முதலில் கடப்பது வெல்லும். வளைவு இல்லை, சுற்று இல்லை, சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதன் பிறப்பிடம் தென் கலிபோர்னியா. 1930களில் அங்கிருந்த இளைஞர் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கினர். வேண்டாத சுமையையெல்லாம் கழற்றிவிட்டு, எஞ்சினைத் தம் கையாலேயே திருத்தினர். மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இவ்வார்வம் பன்மடங்காயிற்று. படையில் எந்திர வேலை பழகிய இளைஞர் பலர் ஊர் திரும்பினர். ஏரிப் படுகையோ தொலைவில் இருந்தது. தெருவோ வீட்டு வாயிலில் இருந்தது. ஆதலின் இரவு நேரங்களில் ஊர்ச் சாலைகளே பந்தயக் களங்களாயின.

சாலையில் நடக்கும் பந்தயத்தில் ஓட்டுபவன் தன் உயிரை மட்டுமா பணயம் வைக்கிறான்? வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் உயிரையும், சாலையைக் கடக்கும் மூதாட்டியின் உயிரையும் அவர்களைக் கேளாமலே பணயம் வைக்கிறான். பொதுமக்கள் வெகுண்டதில் வியப்பில்லை.

அந்நிலையில் சிலர் வேறு வழி தேடினர். 1950 ஆம் ஆண்டில் சாண்டா ஆனாவில் ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் முறையான பந்தயங்கள் தொடங்கின. 1951 இல் வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். 1953 இல் அச்சங்கத்தின் முதல் பந்தயம் பொமோனா நகரில், பொருட்காட்சித் திடலின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. அவ்வூர்ப் போலீஸாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு சிறு குழுவினர் காரிலும் அதன் பின் இணைத்த இழுவண்டியிலும் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டனர். அவர்கள் இளைஞரைக் கடிந்து உபதேசம் செய்யவில்லை. பாதையை அளப்பது எப்படி, வண்டியைச் சோதிப்பது எப்படி, பார்வையாளரை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பவற்றையெல்லாம் செய்து காட்டினர். அறிவுரையைவிட உதவி வலிமை வாய்ந்தது என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள்.

புதியவன் ஒருவன் இன்று இப்பந்தயத்திற்குச் சென்றால் என்ன நிகழும்? முதலில் அவனுடைய வண்டியைச் சோதிப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, டயர் நன்றாக உள்ளதா, பேட்டரி இறுகக் கட்டப்பட்டுள்ளதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். குறை இருந்தால் ஓட விடமாட்டார்கள். அவன் பெறும் முதற்பாடம் இதுவே.

‘என்னிடம் இருப்பது பழைய வண்டி, விலையுயர்ந்த வண்டியோடு நான் எவ்வாறு போட்டியிடுவேன்?’ என்று அவன் தயங்கலாம். அத்தயக்கத்தைப் போக்கவே பிராக்கெட் பந்தயம் என்னும் முறை அமைந்துள்ளது. தன் வண்டி அத்தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கும் என்பதை ஒவ்வொருவனும் முன்னரே அறிவிக்க வேண்டும். ஒருவன் 15 விநாடி என்றும் மற்றவன் 12 விநாடி என்றும் அறிவித்தால், மெதுவான வண்டிக்கு 3 விநாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். விளக்கு எரியுமுன் புறப்பட்டால் தோல்வி. அறிவித்த நேரத்தைவிட விரைவாக ஓடி முடித்தாலும் பொதுவாகத் தோல்வியே! வேகப் பந்தயத்தில் வேகம் மிகுந்ததால் தோற்பது விந்தையன்றோ? இங்கே வெற்றி பணத்திற்கு அன்று. தன் வண்டியையும் தன்னையும் அறிந்தவனுக்கே.

சிறுவரையும் அவர்கள் மறக்கவில்லை. 1992 இல் தொடங்கிய இளையோர் பந்தயத்தில், பெரிய வண்டியின் பாதி அளவே உள்ள வண்டிகள், 660 அடி தூரத்திற்குள் ஓடுகின்றன. வயதுக்கேற்ப வேகத்திற்கு வரம்பு உண்டு. தந்தையும் மகளும் சேர்ந்து எஞ்சினைப் பழுது பார்க்கும் காட்சி அங்கே இயல்பானது.

ஷெர்லி மல்டவுனி என்ற பெண்மணி, சிறு வயதில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரச் சாலைகளில் பந்தயம் ஓட்டியவர். முறையான பாதை கிடைத்தது. 1973 இல் மிக உயர்ந்த வகை வண்டியை ஓட்ட உரிமம் பெற்றார். 1977 இல் அவ்வகையில் தேசிய வெற்றிவீரர் ஆனார். சாலையிலேயே நின்றிருந்தால் அவ்வாழ்வு எங்கே முடிந்திருக்குமோ!

பந்தயப் பாதையில் ஆபத்தே இல்லை என்று நான் கூறவில்லை. 2008 இல் புகழ்பெற்ற வீரர் ஒருவர் பந்தயத்தில் உயிரிழந்தார். உடனே மிக வேகமான வண்டிகளுக்குரிய தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தனர். ஒரு மரணத்திலிருந்து பாடம் கற்று விதியைத் திருத்த அங்கே ஒரு சபை இருந்தது. நள்ளிரவுச் சாலையில் நிகழும் மரணத்திற்குப் பின் விதியைத் திருத்துவார் யார்?

நம் நாட்டிலும் இவ்வார்வம் புதிதன்று. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், மோட்டார்ப் பந்தயங்கள் பல்லாண்டு நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையே அமைந்தது. ஆயினும் நம் இளைஞர் சிலர் இன்னும் கடற்கரைச் சாலையை நாடுகின்றனர்.

மாணவ நண்பர்களே, வேகத்தை விரும்புவது பிழையன்று. அதற்குரிய இடத்தை நாடுங்கள். கற்றவரிடம் சென்று கேளுங்கள். முதலில் எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் பழகுங்கள். பெரியோர்களே, கதவை அடைக்குமுன் வேறொரு கதவைத் திறந்து வையுங்கள். திறந்த கதவு இருக்குமானால் இளைஞன் சுவரேறிக் குதிக்கமாட்டான்.