எந்த ஊருக்கு எழுதிய பாடம்?

தலைமையுரை நீளக் கூடாதென்று ஏற்பாட்டாளர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நேரே விடயத்துக்கு வருகிறேன்.

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம், 1980 முதல் பாடநூலும் இலவசம். அந்தப் பழக்கத்தில், காசில்லாமல் கிடைப்பதையெல்லாம் திறந்த கல்வி வளம் என்று சொல்லிவிடுகிறோம். அரசாங்கப் பாடநூலைத் தரவிறக்கலாம், அச்செடுத்துப் படிக்கலாம். மாற்றி எழுதி வெளியிடும் உரிமை நமக்கில்லை. எடுக்கவும் திருத்தவும் மறுபடி பகிரவும் உரிமை தந்தால்தான் அது திறந்த வளம். 2002இல் யுனெஸ்கோ கூட்டிய அரங்கில் பிறந்த அந்தப் பெயர், 2019 நவம்பரில் உலக நாடுகளுக்கான பரிந்துரையாகவே வந்துவிட்டது. உரிமங்களைப் பற்றிப் பேச இங்கே வல்லுநர்கள் இருக்கிறார்கள். உரிமம் கிடைத்த பிறகும் பாடம் ஊர்விட்டு ஊர் போகாமல் நிற்பது ஏன் என்பதே என் கேள்வி.

விகிதசமம் கற்பிக்கும் ஒரு செயலட்டையை எண்ணிப் பாருங்கள். மன்னாரின் கட்டுக்கரைக்குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோகத்துக்கு வயலில் மூன்றிலொரு பங்குக்கே காணும். ஐந்து ஏக்கர் உள்ளவர் எவ்வளவு விதைக்கலாம்? அந்தக் குளத்துக்குக் கீழுள்ள அடம்பன் பிள்ளைக்கு இது வீட்டில் காதில் விழுந்த கணக்கு, எவ்வளவு விதைப்பதென்று முடிவெடுக்கும் போகக் கூட்டத்துக்குப் போய்வந்த தகப்பன் இரவுச் சாப்பாட்டின்போது சொன்ன கணக்கு. அதே அட்டை யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்குப் போகிறது. அது கிணற்றில் இறைத்து வெங்காயம் வைக்கிற ஊர். காணியைப் பரப்பில் அளப்பார்கள். தஞ்சாவூருக்குப் போனால் குறுவை, சம்பா, சென்ட். ஏக்கரைப் பரப்பாக்குவது கோப்பாய் ஆசிரியைக்குப் பெரிய வேலையல்ல. ஆனால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பார்கள் என்ற குளத்து ஏற்பாட்டின்மேல் அந்தக் கணக்கு நிற்கிறது. அது அட்டையில் எங்கும் எழுதப்படவில்லை. அவர் ஏக்கரை மாற்றுவார், குளத்தைக் கிணறாக்குவார், கணக்கு உடைந்துபோகும்.

இப்படிச் சூழலைக் குறித்துவைக்க நியமங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு 2002இல் வெளியிட்ட கற்றற் பொருள்களை விவரிக்கும் மீதரவு நியமத்தில் ‘சூழல்’ என்றே ஒரு புலம் உண்டு. அதில் நிரப்பத் தந்திருக்கும் சொற்கள் நான்கு: பள்ளிக்கூடம், உயர்கல்வி, பயிற்சி, வேறு. பெரியமடுக் கிராமமும் பாரிசும் அதன் கண்ணுக்கு ஒன்றே. டப்ளின் கோர் என்ற இன்னொரு நியமம் இடத்தையும் காலத்தையும் குறிக்க வழி தருகிறது. ‘மன்னார், 2024’ என்று எழுதலாம். போகக் கூட்டத்தை எங்கே எழுதுவது?

டேவிட் வைலி என்ற அமெரிக்க அறிஞர் ஒரு முரணைச் சுட்டினார். சூழலோடு ஒட்டிய பாடம் நன்றாகக் கற்பிக்கும், ஆனால் இடம் பெயராது. சூழலை உரித்த பாடம் எங்கும் போகும், சரியாகக் கற்பிக்காது. திறந்த உரிமம் இருந்தால் அவரவர் திருத்திக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட வழி. நல்ல வழிதான். எதைத் திருத்தலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று எழுதியவர் சொல்லிவைத்தால்தான் அந்த வழியில் நடக்கமுடியும். ஆகவே, ஊர்வாசனை இல்லாமல் பொதுவாக எழுதுங்கள் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படும் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன்.

பாடங்களுக்கு மட்டுமல்ல, ஆவணங்களுக்கும் இதே சிக்கல்தான். 2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, மொழி, பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பட்டியலிடுகிறார்கள். ஒரு நூலைக் கண்டுபிடிக்க அது போதும். மன்னார்ப் பேசாலையின் உடக்குப் பாஸ் காணொளித் துண்டை ஒருவர் வகுப்புக்கு எடுக்கிறார் என்றால் போதாது. தவக்காலத்தில் ஊரே கூடிப் பொம்மைகளைக் கொண்டு நடத்தும் இயேசுவின் திருப்பாடுகளின் வழிபாடு அது. குறிப்பில்லாமல் போனால் மட்டக்களப்பிலோ மதுரையிலோ பொம்மலாட்டப் பாடமாக நடக்கும். பொம்மைகள் இருப்பதால் அதையும் முழுப் பிழை என்று சொல்லமுடியாது. ஆனால் வெட்டி ஒட்டி, சிரிப்புப் பின்னணி இசை சேர்ப்பதற்கு முன் ஒருவர் யோசிக்கவேண்டும் அல்லவா?

இன்னொன்று, நம்மவர்கள் பேசத் தயங்குவது. பண்பாட்டுச் சூழல் என்றதும் திருவிழா, உணவு, உடை என்று நினைக்கிறோம். ‘உங்கள் குடும்பப் படத்தைக் கொண்டுவந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுங்கள்’ என்ற தமிழ்ப் பாடச் செயற்பாடு வேறோர் ஊரில் சாதாரணம். காணாமற்போனவருக்காக இன்னும் காத்திருக்கும் வீடுகள் உள்ள வன்னியில் அது சாதாரணமல்ல. இங்குள்ள ஆசிரியர்கள் அதைச் சத்தமில்லாமல் மாற்றித்தான் நடத்துகிறார்கள். அந்த மாற்றத்தையும் காரணத்தையும், எந்தப் பிள்ளையையும் அடையாளம் காட்டாமல், இரண்டு வரியில் எழுதிவைத்தால் போரைக் கடந்த வேறு நாட்டு ஆசிரியருக்கும் அது உதவும்.

அதேவேளை, சூழலை எழுதுகிறோம் என்று மக்கள்மேல் முத்திரை குத்திவிடக் கூடாது. மடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தைக் கத்தோலிக்கர் மாதாவின் திருவுருவத்தோடு இந்த மடுக் காட்டுக்கு வந்தார்கள். ஆவணித் திருவிழாவுக்கு இன்று தமிழரும் சிங்களவரும் வருகிறார்கள், பிற மதத்தவரும் வருகிறார்கள். போர்க்காலத்தில் மடு அகதிகளின் தஞ்சம். 2008 ஏப்ரலில் திருவுருவமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து ஓகஸ்டில் திரும்பியது. மடுவைப் பற்றிய பாடத்துக்குக் ‘கத்தோலிக்கம்’ என்ற ஒற்றைச் சொல் போதுமா? மன்னார்ப் பாடங்களுக்கெல்லாம் அதே சொல்லை ஒட்டினால், 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் பிள்ளை வளர்த்துத் திரும்பிய முசலி முஸ்லிம்கள் எங்கே? அதனால் பெட்டிகளில் சரி போடும் முறையை நான் நம்பவில்லை. பாடத்தைப் பற்றி, வாக்கியங்களில் எழுதவேண்டும்: யாருக்காக, எந்தத் தவணையில், எந்தப் போகத்தில் எழுதப்பட்டது, பிள்ளைக்கு முன்பே என்ன தெரியும் என்று எடுத்துக்கொண்டது, எதை மாற்றலாம், எதை மாற்றினால் பாடம் கெடும், எங்கே கவனம் வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது இந்தக் குறிப்பு தொலைந்துபோகும் என்பதால், அதைக் கோப்பின் முதற்பக்கத்திலேயே வைக்கவேண்டும்.

ஆசிரியருக்கு இது மேலதிக வேலை, மறுக்கவில்லை. படிவம் நிரப்பிக் களைத்தவர்களிடம் இன்னொரு படிவத்தை நீட்ட எனக்கும் மனமில்லை. ஆகவே ஓர் அளவு வைத்துக்கொள்வோம்: ஐந்து வரி, எளிய தமிழில். இன்று பிற்பகல் அமர்வுக்கு வரும்போது நீங்களே எழுதிய ஒரு பாடத்தைக் கொண்டுவாருங்கள். அந்த ஐந்து வரியை எழுதி, பக்கத்தில் இருக்கும் வேற்றூர்க்காரரிடம் கொடுங்கள். அதை வைத்து அவர் தன் வகுப்புக்குப் பாடத்தை மாற்றிக் காட்டட்டும். முடியவில்லை என்று அவர் சொன்னால், குறிப்பைத் திரும்ப எழுதுங்கள்.