அரசலாற்றங்கரையில் ஓர் அயல்நாடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எல்லை கடந்த தமிழர் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். இப்பொருள் கிடைத்தவுடன் சோழர் கலத்தில் ஏறிக் கடாரத்திற்கும் சாவகத்திற்கும் சென்று வருவது மேடை வழக்கம். நாம் அவ்வளவு தொலைவு செல்லப்போவதில்லை. மயிலாடுதுறையில் விடியற்காலையில் வண்டி கட்டினால் பொழுது சாயுமுன் சென்று சேரக்கூடிய அயல்நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் காரைக்கால்.

1954ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வரையில் காரைக்காலில் பறந்தது மூவண்ணக் கொடிதான். ஆயினும் அது நீலம், வெண்மை, சிவப்பு ஆகிய பிரெஞ்சு மூவண்ணம். கிழக்கே கடல், ஏனைய மூன்று புறமும் தஞ்சை மாவட்டம். பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். வடக்கே பூவத்தைத் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் வேறு ஆட்சி, வேறு சட்டம். அக்கடற்கரையே வேடிக்கையானது. காரைக்காலுக்குச் சற்று வடக்கே தரங்கம்பாடி 1845 வரை டேனியருக்கு உரியது. சற்றுத் தெற்கே நாகப்பட்டினம் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. மூன்று ஐரோப்பிய நாடுகளின் கோட்டைகளையும் இரண்டே நாள் நடையில் பார்த்து முடித்திருக்கலாம்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த வரலாறு பெருமை தரத்தக்கதன்று. தஞ்சை மராட்டிய அரியணைக்கு உரிமைப் போட்டி மூண்டிருந்த காலம். 1738இல் சகசி மன்னருக்குப் பணமும் படையும் தேவைப்பட்டன. புதுச்சேரி ஆளுநர் துய்மா காரைக்காலை விலை பேசினார். மன்னர் இசைந்தார்; அரியணை உறுதியானதும் பின்வாங்கினார். சந்தா சாகிபின் துணையால் 1739இல் பிரெஞ்சுக்காரர் ஊரைத் தம் வசமாக்கினர். அதன்பின் 1760இல் ஆங்கிலேயர் பிடித்தனர், திருப்பிக் கொடுத்தனர், மீண்டும் பிடித்தனர். நெப்போலியன் போர்கள் ஓய்ந்தபின் 1817இல்தான் அது பிரெஞ்சுக்காரரிடம் நிலையாக வந்து சேர்ந்தது. எங்கோ பாரீசில் கையொப்பமிட்டால், இங்கே நெல் அறுக்கும் குடியானவன் வரி கட்டும் கச்சேரி மாறும். அவனிடம் யாரும் கேட்டதில்லை.

ஆனால் ஆறு எவருடைய கையொப்பத்திற்கும் காத்திருப்பதில்லை. காவிரியினின்று பிரிந்து கும்பகோணத்தைக் கடந்து வரும் அரசலாறு காரைக்கால் நகரின் ஓரமாகச் சென்று கடலில் கலக்கின்றது. நண்டலாறு, திருமலைராஜன் ஆறு முதலிய பிற கிளைகளும் அப்பகுதியில்தான் கடல் சேர்கின்றன. காரைக்கால் கடைமடை. மேலே உள்ளவர் பாய்ச்சியது போக மிஞ்சியதே அதற்கு. பிரெஞ்சுக் குடியரசின் வயல், பிரிட்டிஷ் மதகு திறந்தால்தான் நனையும். இந்த வழக்கு பிரெஞ்சுக்காரர் போனபின்பும் தீரவில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கென 7 டி.எம்.சி. ஒதுக்கியது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை அப்படியே நிலைநிறுத்தியது. தமிழ்நாட்டிற்கும் கருநாடகத்திற்கும் எவ்வளவு என்று நம் காலனியில் விடிய விடிய வாதிட்டோம். அந்த 7 டி.எம்.சி. யாருக்கு என்று கேட்டவர் அரியர். அது பெரிதும் காரைக்கால் உழவருக்காகவே.

இரயில்வே ஊழியம் செய்யும் நாம் இருப்புப் பாதையைச் சொல்லாமல் விடலாகாது. 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்டது; நீளம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர். பாதை பிரெஞ்சு அரசுக்கு உரியது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய இரயில்வே. ஒரே வண்டி, ஒரே பயணம். பேரளத்தில் ஏறும்போது ஒரு நாடு, இறங்கும்போது மற்றொரு நாடு! திருநள்ளாற்றுச் சனீசுவரனைத் தொழச் சென்ற அடியார் எத்தனை பேர் தாம் வெளிநாட்டுப் பயணம் செய்து திரும்பியதாக எண்ணியிருப்பர்? 1980களில் அந்தப் பாதை மூடப்பட்டுத் தண்டவாளமும் அகற்றப்பட்டது. 2011இல் நாகூர் வழியாக அகலப்பாதை காரைக்காலை அடைந்தது. பேரளம் வழியையும் அகலப்பாதையாக மீண்டும் அமைக்கும் பணி நம் காலத்தில்தான் மேற்கொள்ளப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின் எல்லை தளரவில்லை. இறுகியது என்பதே உண்மை. முன்னர் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்குமிடையே சுங்க உடன்பாடு ஒன்று இருந்தது. 1949 ஏப்ரலில் அது முடிவுற்றது. சாலைதோறும் சுங்கச் சாவடி எழுந்தது. வீடு ஒரு புறம், வயல் மறு புறம் உள்ளவன் தன் நெல்லைத் தானே கடத்துபவன் ஆனான். பெண் கொடுத்த வீட்டிற்குச் சீர் கொண்டு போனவர் மூட்டையை அவிழ்த்துக் காட்ட நேர்ந்தது. பொன்னும் கைக்கடிகாரமும் இந்தப் பக்கம் வந்தன. மதுவிலக்கு நடைமுறையில் இருந்த சென்னை மாகாணத்தார் சிலர் வேறொன்றிற்காக அந்தப் பக்கம் போயினர். பெரியோர் கூடியுள்ள அவையில் அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எல்லை என்பது எப்போதும் தீமையே என்றும் சொல்ல முடியாது. 1908இல் பாரதியாருக்குப் புகலிடம் தந்தது புதுச்சேரியின் பிரெஞ்சு எல்லைதான். 1918 நவம்பரில் அவர் அதனைக் கடந்து கடலூர்ப் பக்கம் கால் வைத்தவுடன் கைது செய்யப்பட்டார். ஒரே மண், ஒரு புறம் கவிஞர், மறு புறம் கைதி.

அதே காரைக்கால் துறைமுகத்திலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகள் ஏற்றப்பட்டனர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே திங்களில் மார்த்தினீக்கை அடைந்தது. மறு ஆண்டு டிசம்பரில் குவாதலூப்பை அடைந்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கின்றனர். தெய்வம் நின்றது, மொழி நிற்கவில்லை. பேச்சு பிரெஞ்சும் கிரியோலும் ஆகிவிட்டது.

பிரெஞ்சு மொழி காரைக்காலில் என்ன ஆயிற்று? அது கச்சேரியின் மொழி, பள்ளியின் மொழி, பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் பதிவேட்டின் மொழி. 1881இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியர் ஒருவர் தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்றது. அவ்வாறு ஏற்றோர் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டனர். படித்தோர் சைகோன் முதலிய இந்தோசீன நகரங்களில் உத்தியோகம் பெற்றனர். படையிற் சேர்ந்தவர் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினர். ஊரார் அவரைச் ‘சொல்தா’ என்றனர். பத்திரம் எழுதுபவர் ‘நொத்தேர்’ ஆனார். ஊராட்சிக்குக் ‘கொம்யூன்’ என்று பெயர். அப்பெயர் இன்றளவும் அங்கே வழங்குகின்றது. எனினும் அடுப்பங்கரையில் பிரெஞ்சு நுழைந்த வீடுகள் சிலவே. மாங்கனித் திருநாளில் பிட்சாடனர் உலா வரும் வழியே மாம்பழம் வீசிய கைகள், பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்தில் ஒப்பமிட்ட கைகளே.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கட் பேராளர் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் மறுத்தனர். மூன்று நாளில் இதே தில்லி மாநகரில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. முறையான ஒப்பந்தமும் 1956 மே 28இல் தில்லியிலேயே கையொப்பமாயிற்று. ஆயினும் 1962 ஆகஸ்டு 16 வரை அது சட்டப்படி நடப்புக்கு வரவில்லை.

அந்த நாளிலிருந்து ஆறு திங்கள் தவணை. அங்கே பிறந்து அங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம், வாளாவிருந்தால் இந்தியர். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தனர். ஏனையோருள் எத்தனை பேர் சிந்தித்து வாளாவிருந்தனர், எத்தனை பேர் செய்தியே தெரியாமல் இருந்தனர் என்பதை யார் அறிவார்?

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே திண்ணையில் படுத்துறங்கியவர் இரு நாட்டினர் ஆயினர். அண்ணன் மக்கள் பிரான்சு சென்றனர். தம்பி மகன் மத்திய அரசுப் பணி பெற்றுத் தில்லி வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் மாங்கனித் திருநாளுக்கு இரு கிளையினரும் ஊரில் கூடினர். அங்கிருந்து வந்த பிள்ளைகள் பிரெஞ்சு பேசினர். இங்கிருந்து சென்ற பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் பேசினர். தம்பியின் மனைவியாரான முதிய பாட்டி நடுவில் அமர்ந்து இரு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். “எல்லாம் என் பேரப்பிள்ளைகள்தாம், யாருடன் எந்தப் பாஷையில் பேசுவேன்?” என்றாராம். பிரான்சிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி மட்டும், அங்குள்ள சங்க வகுப்பில் கற்றதைக் கொண்டு, “பாட்டி, சாப்பிட்டீர்களா?” என்று கேட்டிருக்கின்றாள். தில்லிப் பிள்ளைகள் கேட்கவில்லை. இதனைச் சொன்னவர் தில்லிப் பிள்ளைகளின் தந்தையார். சொல்லிவிட்டு அவர் சிறிது நேரம் வேறொன்றும் பேசவில்லை.

1956 ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. மக்களின் பேராளர் வேறு விதமாக முடிவு செய்யும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்பது அது. 1965இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது; தமிழ் உரிய இடத்தில் அமர்ந்தது. அதனால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் 1954க்கு முற்பட்ட பதிவேடு, பத்திரம், பாகப்பிரிவினை யாவும் பிரெஞ்சில் உள்ளன. சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களுக்கு வாரிசுரிமை இன்றும் அச்சட்டப்படியே. எழுதிய பாட்டனாரை இழந்த பேரன் அதைப் படிக்க இயலாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றான்.

நம் காலனியிலும் காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்கள் உள்ளன. வீடு மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பழைய பெட்டியிலுள்ள மங்கிய தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவது நம்மவர் வழக்கம். முத்திரையுடன் கூடிய பிரெஞ்சுத் தாள் ஏதேனும் தென்பட்டால், நிறுத்தி வைத்து நம் சங்க நூலகத்திற்குத் தெரிவியுங்கள். பிரெஞ்சு கற்பிக்கும் அன்பர் ஒருவர், திங்கள்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை வந்து படித்துச் சொல்ல இசைந்துள்ளார். படிப்பவர் ஆயத்தம், தாள்கள்தாம் வரவேண்டும்.