கூப்பிட்ட குரலுக்கு



மைசூரிலிருந்து பெங்களூர் போகிற வழியில் மண்டியா தாண்டினால் மத்தூர். அந்த வட்டாரத்தில் ஆதகூர் என்று ஓர் ஊர். ஏறத்தாழ கி.பி. 950-இல் அங்கே ஒரு கல் நாட்டினார்கள். தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்ததைச் சொல்லுகிற அதே கல் ஒரு நாயின் கதையையும் சொல்கிறது. அந்தக் காலத்தில் மணலேரன் என்ற வீரனின் திறமையை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றான் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பின்னொரு நாள் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று சாய்ந்தன. அதன் நினைவாகத்தான் கல்லும், பூசைக்கு நில மானியமும். கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயும் பன்றியும் பொருதும் சிற்பம் அதில் உண்டு.

ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் வேட்டை நாய்க்கு அப்படி ஒரு மதிப்பு. காளியின் ரத்தத்தில் இருந்த வேகம், இன்று மைசூர் வீடுகளில் வளருகிற முதோல் குட்டிகளிடமும், தமிழ்நாட்டிலிருந்து வாங்கி வருகிற சிப்பிப்பாறை, கன்னிக் குட்டிகளிடமும் அப்படியே இருக்கிறது. மாறியது சுற்றுப்புறம்தான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம். மைசூரின் லிங்காம்புதி ஏரிப் பக்கம் நாய் ஒரு மயிலைத் துரத்திப் பிடித்துவிட்டால், அது நம் தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். இன்னொரு பக்கம் வெளிவட்டச் சாலை, லாரிகள். மற்றொரு பக்கம் கரும்புக் காடு, சாமுண்டி மலைச் சரிவு. இரண்டிலும் சிறுத்தை உண்டு. 2022 இறுதியில் டி. நரசீபுரம் தாலுகாவில் சிறுத்தை தாக்கி மனிதர்களே இறந்தார்கள். 2023 ஜனவரியில் சிறுத்தைக்கென்றே தனிப்படை அமைக்க வேண்டியிருந்தது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. ஆகவே சொல்கிறேன், வேட்டை இனக் குட்டிக்கு உட்காரவும் கை கொடுக்கவும் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். முதலில், கூப்பிட்டால் வரப் பழக்குங்கள். அதன் உயிரைக் காக்கிற பாடம் அதுதான்.

இந்த நாய்கள் ஏன் கூப்பிட்டால் வருவதில்லை? மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனங்கள் இவை. தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், கால் தானாகக் கிளம்பிவிடும். கிளம்பிய பின் காதுக்கு வேலை குறைவு. அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. எத்தனையோ தலைமுறையாக அந்த ஓட்டத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டு, ஓடியதற்காக அடிப்பது நியாயமில்லை.

குட்டி வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கலாம், இரண்டு மாதக் குட்டியானாலும். பெயர் சின்னதாக இருக்கட்டும். பழைய கிரேக்கத்தில் வேட்டை நாய்களைப் பற்றி நூல் எழுதிய ஜெனோபோன்கூட, கூப்பிட வசதியாகக் குறுகிய பெயர்தான் வைக்கச் சொன்னார். அதைவிட முக்கியமான ஒன்று நம் ஊருக்கே உரியது. மைசூரில் பல தமிழ் வீடுகளில் பாட்டி ‘வா’ என்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளை கன்னடத்தில் ‘பா’ என்பான், கல்லூரிக்குப் போகும் பேத்தி ‘கம்’ என்பாள். குட்டி யார் பேச்சைக் கேட்கும்? எல்லோரும் கூடி ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். எந்த மொழியானாலும் சரி, அதையே எல்லோரும் சொல்ல வேண்டும்.

சோறு வைக்கும்போது அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை, சந்தோஷமான குரலில் சொல்லிவிட்டுத் தட்டை வையுங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடுத்த அறையிலிருந்து கூப்பிடட்டும். ஓடி வந்ததும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு, கூடவே தடவல். சைவ வீடானால் பன்னீர் போதும். வராவிட்டால் பத்து முறை கத்தாதீர்கள். கத்தக் கத்த அந்தச் சொல் வெறும் இரைச்சலாகிவிடும். வராது என்று தெரிகிற நேரத்தில் கூப்பிடாமலே இருப்பது இன்னும் நல்லது. நடந்து போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

தசராவுக்கு முன்னால் யானைகளுக்கு நடக்கும் பயிற்சியை மைசூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வெறும் முதுகோடு நடை, பிறகு மணல் மூட்டை, மூட்டையின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், அப்புறம் மர அம்பாரி. கடைசியில்தான் 750 கிலோ தங்க அம்பாரி. குட்டிக்கும் அதே நிதானம் வேண்டும். அறை, முற்றம், ஆளில்லாத மைதானம், பிறகு அணிலும் மைனாவும் உள்ள மைதானம். ஒரு படி உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வெளியே போகும்போது பத்து மீட்டர் நீளப் பருத்திக் கயிறு அவசியம். கயிற்றைக் கழுத்தில் கட்டாதீர்கள். இந்த இனங்களின் தலை ஒடுங்கியது, சாதாரணப் பட்டை நழுவி வந்துவிடும். நழுவாவிட்டால் ஓடுகிற வேகத்தில் கயிறு இழுபட்டுக் கழுத்து அடிபடும். மார்போடு சேர்த்துப் போடும் பட்டையில் கட்டுங்கள்.

குட்டி ஒரு நொடி திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில் கல் மாதிரி நிற்காதீர்கள். நாய்க் கண்ணுக்கு அசைவுதான் தெளிவு. காவல்துறை நாய்களை வைத்து 1936-இல் நடந்த ஒரு சோதனையில், கூர்ந்த பார்வையுள்ளவை அசையும் பொருளை 800 மீட்டருக்கு அப்பாலும் கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் இருந்தபோது 600 மீட்டருக்குள் வர வேண்டியிருந்தது. எனவே கையை வீசுங்கள், குட்டிக்கு எதிர்த்திசையில் ஓடுங்கள். துரத்தப் பிறந்த குட்டி உங்களைத் துரத்தி வரும்.

வந்த நாயை ஒருபோதும் தண்டிக்காதீர்கள். அரை மணி நேரம் அலையவிட்டு வந்தாலும், கோழியைக் கவ்விவிட்டு வந்தாலும், வந்ததற்குப் பாராட்டுத்தான். அடித்தால் அது கற்றுக்கொள்வது, வந்தால் அடி விழும் என்பதை மட்டுமே. குளிப்பாட்டவும் ஊசி போடவும் கூப்பிடக் கூடாது. நீங்களே போய் அழைத்து வாருங்கள். கூப்பிட்டு, தின்பண்டம் கொடுத்து, மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்ற எண்ணமே அதற்கு வரக் கூடாது.

எட்டு மாதம் நெருங்கும்போது, நன்றாக வந்துகொண்டிருந்த குட்டி திடீரென்று காது கேளாததுபோல் நடக்கும். பயப்பட வேண்டாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதத்தில் சொல் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லைத் தட்டின, அந்நியர் சொன்னால் கேட்டன. பருவ வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் சலித்து நாயைச் சங்கிலியில் போட்டுவிடுகிறார்கள், அல்லது தெருவில் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய பாவம். அந்தச் சில மாதங்களுக்கு மீண்டும் நீளக் கயிறு, மீண்டும் ஈரல், மீண்டும் பொறுமை. பருவம் கடந்ததும் படித்ததெல்லாம் திரும்பி வரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு நன்றாகப் பழகினாலும், முயல் பாய்ந்த கணத்தில் நூற்றுக்கு நூறு திரும்பும் என்று கண்வழி வேட்டை நாய்க்கு யாரும் உறுதி தர முடியாது. ஆகவே மதில் இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். வனத்துறையின் எல்லைக்குள் நாயோடு போகவே போகாதீர்கள். வீட்டில் இப்போது குட்டி இருந்தால், இன்று இரவு சோறு வைக்கும்போதே ஒரே சொல்லில், ஒரே ஒரு தடவை கூப்பிட்டுத் தொடங்கிவிடுங்கள்.