கி.மு. 202 யாருடைய ஆண்டு?



பண்டைய உலகை ஒரே ஆண்டில் நிறுத்திப் பார்ப்பது என்று இந்த மாநாட்டுக்குப் பொருள் வகுத்து, கி.மு. 202ஐத் தேர்ந்திருக்கிறீர்கள். நல்ல தேர்வு. கொஞ்சம் ஆபத்தானதும்கூட.

ஆண்டின் தொடக்கத்தில் சீனத்தின் கைஷியாவில் சியாங் யூ முற்றுகையில் சிக்கினான். இரவில் சூழ நின்ற, லியு பாங்கின் ஹான் படையிலிருந்து அவனது சூ நாட்டுப் பாட்டுகளே கேட்டன. தன் நாடு விழுந்துவிட்டது என்று நினைத்தான். எண்ணூறு குதிரைவீரரோடு இருளில் தப்பியவன், ஆற்றங்கரையில் படகு காத்திருந்தும் ஏறாமல் தன்னையே மாய்த்துக்கொண்டான். வென்ற லியு பாங் பேரரசனானான்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் வட ஆப்பிரிக்காவின் சாமாவில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் எண்பதுக்கும் மேற்பட்ட யானைகளை முன்னே நிறுத்தினான். ரோமின் தளபதி ஸ்கிப்பியோ தன் அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நடுவே வழிவிட்டான். கொம்பொலியில் மிரண்ட யானைகளில் சில சொந்தக் குதிரைப்படை மீதே பாய்ந்தன. மற்றவை அந்த வழிகளில் ஓடின. ரோமோடு சேர்ந்த நுமிதிய மன்னன் மசினிசாவின் குதிரைப்படை பின்னாலிருந்து தாக்கியதோடு கதை முடிந்தது. எகிப்தில் அப்போது சிறுவன் ஐந்தாம் தாலமி அரியணையில். அவனது சிரியப் பகுதிகளைக் கைப்பற்ற செலூக்கிய மன்னன் மூன்றாம் அந்தியோக்கஸ் புறப்பட்டிருந்தான்.

இவற்றை ஒரே பக்கத்தில் வைத்தவர்கள் நாம்தான். அன்று எவருக்கும் அது 202 அல்ல. ரோமில் அது இரு கான்சல்கள் பெயரால் வழங்கிய ஆண்டு. சாமாவில் வென்றவன் அந்த இருவரில் ஒருவன் அல்ல! சீனக் குறிப்பில் கைஷியா நிகழ்ந்தது ஹான் ஐந்தாம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம். ஆண்டிறுதி என்று அவசரப்பட வேண்டாம். அங்கே ஆண்டு பத்தாம் மாதத்தில் பிறந்தது. ஆகவே அது மூன்றாவது மாதம்தான்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு எல்லாளன். சோழநாட்டிலிருந்து சென்ற அவன் இலங்கையின் அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டதாக அந்நாட்டு வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. ஆனால் அந்நூலின் ஆண்டுக்கணக்கு புத்தரின் பரிநிர்வாணத்திலிருந்து தொடங்குவது. அதை கி.மு. 543 என்று கொண்டால் எல்லாளன் ஆட்சி 205 முதல் 161 வரை; 202இல் அவன் அரியணையில் இருக்கிறான். ஆய்வாளர் கைகர் போல 483 என்று கொண்டால் 145இல்தான் ஏறுகிறான். 202இல் அவன் பிறந்தே இருக்கமாட்டான். நம் கட்டுரைகள் பலவற்றில் இந்த அறுபது ஆண்டு ஓர் அடிக்குறிப்பும் இல்லாமல் கரைந்துபோகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

எனவே கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். ‘அதே காலத்தில்’ என்று எழுதும் இடத்திலெல்லாம், எந்த நாட்காட்டியின்படி, எந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். சொல்லாதவரிடம் கேள்வி நேரத்தில் நான் கேட்பேன். இனி முதல் அமர்வைத் தொடங்கலாம்.