கூடை சுமக்குங் கழியும் திருப்புத்திறனும்



விசையியல் கற்பிக்கப் புகுவோர் கரும்பலகையில் ஒரு கோட்டினை இழுத்து, அதன் நுனியில் அம்புக்குறி இட்டுத் தொடங்குவது வழக்கம். பழவேற்காட்டேரிக் கரையில் அது வேண்டா. சிலிகை ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயலாகிய அவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திரத்துள் அமைந்திருப்பினும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்து மீனவர் ஊர்களைத் தழுவிக் கிடக்கின்றது. ஆழங் குறைந்த நீராகையால் படகினைக் கழியூன்றித் தள்ளுவர். கழி தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை கழியை முன்னோக்கித் தள்ளுகின்றது, படகு நகர்கின்றது. நியூத்தன் 1687இல் வெளியிட்ட நூலில் வகுத்த மூன்றாம் விதி இதுவே.

விசை தள்ளுவதோடு நில்லாது, திருப்பவுஞ் செய்யும். எட்டடிக் கழியொன்றில் 60 கிலோ மீன்கூடையைத் தொங்கவிட்டு இருவர் தோள் கொடுப்பதாகக் கொள்க. கழியின் எடையை விடுத்துப் பார்ப்பின், கூடை நடுவில் தொங்கும்போது ஆளுக்கு 30 கிலோ. முன்னவனிடமிருந்து இரண்டடியில் தொங்கினாலோ, அவன் தோளில் 45. கூடைக்கு ஆறடி தள்ளி நிற்கும் பின்னவன் தோளில் 15. 45ஐ இரண்டாற் பெருக்குக. 15ஐ ஆறாற் பெருக்குக. இருபாலும் 90. தந்தையும் சிறுவனும் சுமக்குங்கால் கூடையைத் தந்தையின் பக்கம் நகர்த்துவதன் கணக்கு இதுவன்றோ? விசையையும், திரும்பும் புள்ளியிலிருந்து அவ்விசை செல்லுங் கோட்டிற்குள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கி வருவதே திருப்புத்திறன்.

'செங்குத்து' என்ற இடத்திலேதான் மாணவர் பலர் இடறுகின்றனர். சுக்கானின் (அரபுச் சொல்தான், இருக்கட்டும்) கைப்பிடியை அதன் நீளவாக்கில் எத்துணை வலிந்து தள்ளினும் சுக்கான் திரும்பாது. விசைக்கோடு அச்சின் வழியே செல்வதால் தொலைவு சுழியாகிவிடுகின்றது. குறுக்கே தள்ளினால் சிறுவன் கைக்கும் அது திரும்பும். காற்று பாயை அழுத்திப் படகைச் சாய்க்குங்கால் ஆட்கள் எதிர்ப்புற விளிம்பிற்கு நகர்வதும் இதனாலேயே. அவர்தம் எடை கூடவில்லை, தொலைவே கூடிற்று.

இவற்றையெல்லாம் கையாற் செய்தறிந்த சிறுவன் வகுப்பில் 'மோமென்ட்' என்று கேட்டவுடன் திகைப்பது அறிவுக் குறையாலோ? இலத்தீனில் இயக்கத்தைக் குறித்த சொல்வழி வந்த அஃது, ஆங்கிலத்தில் நொடிப்பொழுதையுங் குறிக்கும். நொடிக்கும் கழிக்கும் என்ன தொடர்பென்று அவன் தேடிக்கொண்டிருக்கையில் பாடம் முடிந்துவிடும். திருப்புத்திறன் என்னுஞ் சொல்லோ தன் பொருளைத் தானே சொல்லி நிற்கின்றது. பள்ளிப் பாடநூல்களிலும் அது வழங்குகின்றது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அவற்றிற்கு நூல்கள் இன்னும் பல வேண்டும். எழுதப் புகுவோர் முதற்பக்கப் படமாக அக்கழியையும் கூடையையும் வரைந்து, இரண்டடி, ஆறடி என்று குறித்துவிடலாம்.