மலைநாட்டு வகுப்பறையும் புதிய கருவிகளும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் வடக்கே, அலுவிகாரை என்னும் குகைக்கோயில் இருக்கின்றது. பாறைகளின் நடுவே அமைந்த இவ்விடத்தில், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்திலே, பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்று வழிவழியாகக் கூறுவர். அதற்கு முன் அது பிக்குகளின் நாவிலும் நினைவிலுமே வாழ்ந்து வந்தது. நாட்டைப் பஞ்சம் பற்றிக்கொண்டது. மனனஞ் செய்தோர் பலர் மாண்டனர். ஒரு முதியவர் கண்மூடினால் அவரோடு நூலின் ஒரு பகுதியும் மறைந்துபோகும் என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சந்தான் ஓலையையும் எழுத்தாணியையும் எடுக்கச் செய்தது. தாளிப்பனையின் ஓலையை வேகவைத்து, உலர்த்தி, எழுத்தாணியாற் கீறிய பின்னர், கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் கீறல்கள் கறுத்து எழுத்துக்கள் புலனாகும். அக்காலத்தின் கல்வித் தொழினுட்பம் அதுவே.

இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. குறை முதலில் உணரப்பட்டது. கருவி பின்னர் தேடப்பட்டது. இக்காலத்திலோ இம்முறை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகின்றது. கணினி வந்து இறங்குகின்றது. ஒளித்திரை சுவரில் மாட்டப்படுகின்றது. திறப்பு விழாவில் நாடா வெட்டப்படுகின்றது. அதனால் எந்தப் பிள்ளையின் எந்தக் குறை தீரும் என்ற கேள்வி, விருந்தினர் தேநீர் அருந்திச் சென்ற பின்னரே எழுகின்றது. சில இடங்களில் அப்பொழுதும் எழுவதில்லை.

ஆதலால் மாத்தளை மாவட்டத்து மலைப் பாடசாலைகளின் குறை யாது என்பதை முதலில் நோக்குதல் தகும். இம்மாவட்டத்து மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் தமிழர். அவர்களிற் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளரின் வழி வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்த கூட்டங்களின் வரலாற்றை நேயர்கள் அறிவர். வழியில் மாண்டோர் பலர். 1880 ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. ஆனால் அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வரக் காலம் சென்றது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர்; அவ்வளவே பள்ளி. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி 1977 ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது.

இரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவை எனத் தோட்டப் பெயர்களோடு ஒட்டி நிற்கும் ஊர்ப்புறங்களில், அந்த ஓரறைப் பள்ளியின் சாயல் முற்றாக அகன்றுவிடவில்லை. கட்டடம் மாறியிருக்கலாம், சீருடையும் பாடநூலும் இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் சிறிய ஆரம்பப் பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களை, சில வேளை மூன்று தரங்களை, ஒரே நேரத்தில் நடத்த நேரிடுகின்றது. மூன்றாந் தரத்துக்கு அவர் கழித்தலைக் கற்பிக்கும்போது நான்காந் தரம் என்ன செய்கின்றது? கரும்பலகையைப் பார்த்து எழுதுகின்றது. எழுதி முடித்தபின் மறுபடியும் எழுதுகின்றது. அப்பிள்ளைகள் வாய்திறவாதிருப்பது ஒழுக்கம் எனப் போற்றப்படுகின்றது. உண்மையில் அது வீணாகும் காலம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இவ்வாறு கழிந்தால், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு வரும்போது ஒரு பிள்ளை எத்தனை நூறு மணி நேரத்தை இழந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மலைநாட்டு வகுப்பறையின் குறை இதுவே: ஆசிரியரின் குரல் எட்டாத நேரம்.

இக்குறை புதியதன்று. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகள் இதனை நெடுங்காலமாகவே எதிர்கொண்டன. அண்ணாவியாருக்கு எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியே பார்க்க இயலாது. ஆகவே சட்டாம்பிள்ளை இளையோரை எழுத்துக் கூட்டச் செய்தான். சிறுவர் மணலில் விரலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதினர். 1789 ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆந்திரூ பெல் என்னும் இசுக்கொத்துலாந்துப் பாதிரியார், இம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவரைப் பயிற்றினார். 1797 இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக அது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்திற் பரவிற்று. மணலைவிட மலிவான கருவி உண்டோ? ஆயினும் அதிற் பிள்ளையின் கை ஓயாது வேலை செய்தது. தவறு செய்தால் அழிக்கலாம், அஞ்ச வேண்டியதில்லை.

கருவியின் தன்மையைச் சோதிக்க இதுவே நல்ல உரைகல். அது பிள்ளையை வேலை செய்ய வைக்கின்றதா, வெறுமனே பார்க்கவும் கேட்கவும் வைக்கின்றதா?

வானொலியையே எடுத்துக்கொள்வோம். இலங்கை வானொலியின் கல்விச் சேவை பாடசாலைகளுக்கென நிகழ்ச்சிகளை ஒலிபரப்பி வந்தது. அவை அரிய தொண்டு செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கைகட்டிக் கேட்டிருக்கும் வகுப்பிலே, முன்வரிசைப் பிள்ளை கேட்டது. பின்வரிசைப் பிள்ளை கேட்பதுபோல் இருந்தது. இக்குறையை நீக்கும் வழியொன்றை 1970 களில் மத்திய அமெரிக்காவிலுள்ள நிக்கராகுவா நாட்டிற் கண்டறிந்தனர். ஆரம்ப வகுப்புகளுக்கு வானொலி மூலம் கணிதம் கற்பிக்க, அந்நாட்டினரும் அமெரிக்காவின் இசுற்றான்போட் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து முயன்றனர். வானொலிக் குரல் ஒரு கேள்வியைக் கேட்கும், பின்னர் மௌனம். அந்த மௌனத்திற்குள் வகுப்பு முழுவதும் உரத்த குரலில் விடை சொல்ல வேண்டும். உடனே குரல் சரியான விடையைக் கூறும். அடுத்த கேள்வி பிறக்கும். இடையிடையே எழுதுவதும், எண்ணுவதும், பாடுவதும் உண்டு. பாடம் முடிந்தபின் ஆசிரியர் தொடர்வார். இப்பாடங்களைக் கேட்ட வகுப்புகள் கேளாத வகுப்புகளைவிடக் கணிதத்திற் கணிசமாக முன்னேறின. பின்னர் வேறு பல நாடுகளும் இம்முறையைத் தழுவின. கருவி அதே பழைய வானொலிப் பெட்டிதான். மாறியது, பாடத்தை எழுதிய விதம்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனா நோயின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மீண்டும் மூடியும், 2021 ஒற்றோபர் 21 ஆந் திகதியே இருநூறு மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் மறுபடி திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்திற் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திலே பாடங்கள் ஏற்றப்பட்டன. நேத்ரா தொலைக்காட்சி தமிழிற் பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் வழியே பயிற்சித் தாள்களை அனுப்பினர். நகரத்துப் பிள்ளை அறைக்குள் அமர்ந்து கற்றது. லயத்து வீட்டில் இருந்ததோ பல வேளைகளில் ஒரே கைத்தொலைபேசி. அதுவும் தந்தை வேலைக்குச் செல்லும்போது அவருடைய சட்டைப் பையில் உடன் சென்றது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் யாருடைய பாடம் முதலில்? பரீட்சைக்கு இருக்கும் மூத்தவனுடையதே. எழுத்துக் கூட்டப் பழக வேண்டிய இளையவளுக்கு முறை வரும்போது பணமும் தீர்ந்திருக்கும்.

தொலைபேசி இருந்தாலும் அலை கிட்டவேண்டுமே! மாத்தளையின் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் அடுக்கடுக்காக மடிந்து கிடக்கின்றது. இறிவர்ஸ்டன் உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் வானளாவ நிற்பதைத் தூரத்திலிருந்தே காணலாம். எனினும் மலை மடிப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு அக்கோபுரத்தால் எப்பொழுதும் பயன் விளைவதில்லை. காரணம் எளியது. மத்திய அலை வானொலியின் அலைகள் நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுடையவை. அவை மேட்டையும் பள்ளத்தையும் தழுவி ஊர்ந்து செல்ல வல்லவை. கைத்தொலைபேசியின் அலையோ சில அங்குல நீளமேயானது. ஏறத்தாழ ஒளியைப் போல நேர்வழியிற் செல்வது. மலை குறுக்கிட்டால் அதற்கப்பால் நிழல் விழும். ஊவாவின் மலைகளுக்கிடையே போகிட்டியாவ என்னும் சிற்றூரில், பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறையின்மீது ஏறி இணையத் தொடர்பைத் தேடிய செய்தி 2021 இல் உலகெங்கும் பரவிற்று. அதனைப் படித்தோர் பிள்ளைகளின் ஆர்வத்தை வியந்தனர். வியப்பதைவிட வெட்கப்படுவதே பொருத்தமாயிருந்திருக்கும்.

அதன்பின் வந்த ஆண்டுகளும் ஒரு பாடத்தைப் புகட்டின. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய மலைநாட்டைத் தாக்கி, மாத்தளை உட்படப் பல மாவட்டங்களில் மண்சரிவுகளை விளைவித்தபோது, மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போன ஊர்கள் பல. மலைநாட்டுக்கெனத் திட்டமிடுவோர் மின்னும் இணையமும் என்றும் இருக்கும் என எண்ணித் திட்டமிடுதல் ஆகாது.

தமிழ்நாட்டிற் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்தமையால் நோய்க்காலத்தில் அது கைகொடுத்தது. எனினும் அங்குள்ள அரசு திரையோடு நின்றுவிடவில்லை. 2021 ஒற்றோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலரைத் தெருத்தோறும் மாலை வேளையிற் பிள்ளைகளோடு அமரச் செய்தது. பெரும்பாலோர் அவ்வவ்வூர்ப் பெண்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய குழுவினரும் கிராமப்புறச் சிறுவர் ஏறத்தாழ 19,000 பேரைச் சோதித்தனர். பள்ளி திறந்து ஆறு மாதத்துள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழக் காற்பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் அவர்கள் மதிப்பிட்டனர்.

இதனைக் கேட்போர், அப்படியாயிற் கணினியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாகாது. அதே அறிஞர் பங்குகொண்ட வேறோர் ஆய்வு தில்லியில் நடைபெற்றது. அங்கு ஒரு கணினி நிரல் ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, அது நிற்கும் படியிலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளைகள் கணிதத்தில் இரண்டு வகுப்புக்கு மேலாகவே பின்தங்கியிருந்தமை அப்போதுதான் தெரிந்தது. நாலரை மாதத்திற் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. பெரு நாட்டிலோ பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. 2012 இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பயன் எதுவும் தென்படவில்லை என்றது. தில்லியிற் கருவி பிள்ளையை வினவியது, விடையைத் திருத்தியது, அருகில் ஒரு வழிகாட்டியும் இருந்தார். பெருவில் பெட்டி மட்டும் போய்ச் சேர்ந்தது.

மாத்தளையின் ஓராசிரியர் வகுப்புக்கு இவற்றிலிருந்து ஒரு வழி புலப்படுகின்றது. மின்கலத்தில் இயங்கும் ஓர் ஒலிபெருக்கி. அதில் விரல்நுனியளவு நினைவுச் சில்லு. அந்தச் சில்லிலே நான்காந் தரத்துக்குரிய கணிதமும் தமிழும் கேள்வி, மௌனம், விடை என்ற முறையிற் பதிவு செய்யப்பட்ட பாடங்கள். இதற்கு இணையமும் வேண்டியதில்லை, கோபுரமும் வேண்டியதில்லை. நான்காந் தரம் அக்குரலோடு உரையாடும்பொழுது, ஆசிரியர் மூன்றாந் தரத்தில் எழுத்துத் தடுமாறும் பிள்ளையின் அருகே சென்று அமரலாம். இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பே. கொழும்புப் பிள்ளைக்கு ஒளித்திரை, மலைநாட்டுப் பிள்ளைக்கு மட்டும் பழைய ஒலிப்பெட்டியா? மேல் வகுப்புகளில் இப்பாகுபாட்டை ஏற்கவே முடியாது. தகவல் தொழினுட்பத்தைப் பாடமாகக் கற்கும் மாணவன் கணினியைத் தொட்டுப் பழகியே ஆகவேண்டும். படத்தைப் பார்த்து நீச்சல் பழக இயலாது. ஆயின், கோபுரங்கள் எழும்வரை எட்டு வயதுப் பிள்ளை காத்திருக்க மாட்டாது. ஒன்று வரும்வரை மற்றொன்று நடக்கட்டும் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

அப்பாடங்களை எழுதுவோர் தோட்டத்து மொழியை அறிந்தவராயிருத்தல் நன்று. பிள்ளை பிரட்டுக்களத்தையும் கொழுந்துக் கூடையையும் அறியும், கடலைக் கண்டிராது. கூடையில் எத்தனை கிலோ கொழுந்து, கழிவு போக மீதி எவ்வளவு என்ற கணக்கை வீட்டிலேயே நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, கழித்தற் கணக்கை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இன்னொன்று, மௌனத்தின் அளவு. கேள்விக்குப்பின் மூன்று நொடி விட்டால் முன்வரிசைப் பிள்ளை சொல்லிவிடும். பின்வரிசைப் பிள்ளை அதன் வாயைப் பார்த்துத் தானும் வாயசைக்கும். ஆறு நொடி விட்டால் ஒன்றுக்குச் சலிப்பு, மற்றொன்றுக்கு விடை. எத்தனை நொடி என்பதை ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்துகொண்டு தீர்மானிக்க இயலாது. இரத்தோட்டைப் பக்கத்து வகுப்பறை ஒன்றிலே, தகரக் கூரையில் மழை கொட்டும் ஒரு நாளில், ஒலித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.