எளிய கருவியில் இயற்கைக் காட்சி
(வெள்ளி விழா ஓவியப் பயிற்சி அரங்கில் ஆற்றிய உரை)



ஓவியம் பயில விரும்பும் பிள்ளைகள் எங்களிடம் முதலிற் சொல்வது ஒன்றே: "வண்ணம் வாங்கப் பணம் இல்லை." இது சாக்கு அன்று; உண்மை. எண்ணெய் வண்ணமும் நல்ல தூரிகையும் துணித்திரையும் எளியவர் கைக்கு எட்டுவன அல்ல. ஆனால், நம் படிப்பகத்துப் பழைய கணினியில், தனி விலை ஏதுமின்றி ஓர் ஓவியக் கருவி உறங்கிக் கிடக்கிறது. 1985 நவம்பரில் விண்டோஸின் முதற்பதிப்போடு வெளிவந்த ‘பெயிண்ட்’ என்னும் நிரலே அது. குழந்தைகள் கிறுக்கும் பலகை என்று பலரும் அதனை ஒதுக்கினர். அப்படி ஒதுக்கத்தக்கதா என்பதை ஒரு முதியவரின் வாழ்விலிருந்து காண்போம்.

அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்றொருவர் இருந்தார். எழுத்துருக்களும் வரைகலையும் அவருடைய தொழில். ஓய்வு பெற்ற பின்னர், விழித்திரையின் நடுப்பகுதியைச் சிதைக்கும் நோயால் அவர் பார்வை மங்கியது. தூரிகை பிடித்து நுணுக்கமாக வரைய இயலாத நிலை. அவ்வேளையில் குடும்பத்தார் அளித்த கணினியில் பெயிண்ட் நிரல் இருந்தது. அதில் படத்தைப் பெரிதாக்கிக் காணலாம். எட்டு மடங்கு பெரிதாக்கினால் ஒரு புள்ளி, நீளத்தில் எட்டும் அகலத்தில் எட்டுமாக, 64 புள்ளிகளின் இடத்தை நிரப்பி நிற்கும். மங்கிய கண்ணுக்கும் அது தென்படும். சிறு கற்களைப் பதித்துச் சித்திரம் செய்வது போல அவர் புள்ளி புள்ளியாக நிலக்காட்சிகளை அமைத்தார். 2013இல் அவரைப் பற்றிய குறும்படம் வெளிவந்தது. மறு ஆண்டு, 98ஆம் வயதில் அவர் மறைந்தார். கருவி எளியது, பொறுமையோ பெரியது.

இனிச் செய்முறைக்கு வருவோம். அண்மைக்காலம் வரை பெயிண்டில் அடுக்குகள் கிடையா. 2023இல்தான் புதிய விண்டோஸ் 11 பதிப்புக்கு அவை வந்தன. நம் பழைய கணினியில் ஒரே தாள்தான். எனவே, தொலைவிலிருந்து அருகுக்கு வர வேண்டும். முதலில் வானம்; அடுத்துத் தொலைமலை; பின்னர் வயல்; இறுதியில் அருகிலுள்ள மரம். மரத்தை முதலில் வரைந்துவிட்டால், கிளைகளின் இடுக்கில் வானத்தைப் புகுத்துவது பெரும்பாடு.

தொலைமலைக்குக் கரும்பச்சை தீட்டாதீர்கள். இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதால், தொலைவில் உள்ளவை வெளிறி நீலம் பூத்துத் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரை கூட்டியும் குறைத்தும் அந்நிறத்தை நீங்களே கலந்துகொள்ளலாம். மலைவரிசை மூன்றானால், கடைசி வரிசை மிக வெளிறியும் முன்வரிசை அடர்ந்தும் இருக்கட்டும். தட்டையான திரையில் ஆழம் பிறந்துவிடும்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம். முதன்முதல் நாங்கள் மலையின் கோட்டை வரைந்து, வானத்தில் நீலம் நிரப்பினோம். கண் இமைக்கும் நேரத்தில் மலையும் வயலும் நீலமாயின! கோட்டில் ஒரே ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. வண்ணம் அவ்வழியே வழிந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிக் கோட்டின் இடைவெளிகளை அடைத்த பின்னரே வண்ணம் நிரப்புக. பழைய பதிப்புகளில் கடைசி மூன்று செயல்களை மட்டுமே திரும்பப் பெற முடியும். ஆகவே, ஒவ்வொரு கட்டத்திலும் புதுப்பெயரிட்டுச் சேமித்து வைத்திடுக. ஜேபெக் வடிவில் சேமித்தால் கூரிய விளிம்புகள் கலங்கிவிடும். பிஎன்ஜி வடிவே நன்று.

எதை வரைவது என்று கேட்பீர்கள். கோபுரமும் குளமும் தென்னஞ்சோலையும் கொண்ட நாட்காட்டிப் படங்களை நாம் ஏராளமாகக் கண்டுவிட்டோம். அவற்றில் நம் தெரு உண்டா? நம் பெற்றோர் நாற்று நட்ட வயல் உண்டு. நட்டவர் திரும்பி வந்த வழி அதில் இல்லை. அந்த மண்பாதையும், தாழ்ந்த கூரையும், தெருக்குழாயடியும், அவற்றுக்குப் பின்னே விரியும் மாலை வானமும் நிலக்காட்சி அல்லவா? அவற்றை அன்றாடம் கண்டு வளர்ந்த கண்கள் உங்களுடையவை. நாம் வரையாவிடில் அவை வரையப்படாமலே போகக்கூடும்.

ஆகவே, இளைஞர்களே! நாளை மாலை படிப்பகத்துக்கு வாருங்கள். வரும் வழியில் உங்கள் வீட்டு வாயிலில் ஒரு கணம் நின்று, வானம் எந்த இடத்தில் மண்ணைத் தொடுகிறது என்று பார்த்து வாருங்கள். அந்தக் கோட்டிலிருந்தே தொடங்குவோம்.